சம்பந்திக்குக் காட்டிய வீடு

என் வீட்டுக்காரர் தசரதனுக்கு வாய் கொஞ்சம் நீளம். இல்லாததைச் சொல்லமாட்டார். இருப்பதில் பாதியைச் சொல்லிவிட்டு, மீதிப் பாதியை எதிராளியே தனக்குப் பிடித்தமாதிரி நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். இத்தனை வருஷமாக இந்த வித்தையில் அவர் மாட்டிக்கொண்டதே இல்லை. சம்பந்தி வீட்டாரிடம்தான் மாட்டிக்கொண்டார்.

சம்பந்தி என்று சொல்வதுகூட அவசரம்தான். அன்றைக்கு அவர்கள் பேசி முடிக்க மட்டுமே வந்திருந்தார்கள். பையன் பெயர் பேச்சிராஜ். உடன்குடிப் பக்கத்துக்காரன். ஒரகடத்தில் காருக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். எங்கள் வீட்டு மாடியில் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம், கீழே நான் மெஸ் நடத்துகிறேன். மாடியில் குடியிருந்து என் கையால் சாப்பிட்டவன்தான் அவன். "அக்கா, இன்னொரு கரண்டி சாம்பார்" என்று கேட்டுக்கொண்டிருந்தவன் ஒரு நாள் "அத்தை, இன்னொரு கரண்டி" என்றான். கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் என் மகள் கவிப்பிரியா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். அவளும் அதே கம்பெனியில் குவாலிட்டியில் வேலை பார்க்கிறாள். நான் பசங்களுக்கு ரசம் போதுமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் இரண்டு பேரும் கல்யாணத்தையே முடிவு செய்துவிட்டிருந்தார்கள்.

பையன் நல்லவன். சாதிதான் வேறு. அவன் வீட்டில் மாதக்கணக்கில் சண்டை. கடைசியில் அவன் அப்பா ஆறுமுகநயினார் ஒரு படி இறங்கி வந்து, "சாதிதான் போச்சு, குடும்பமாவது நல்ல குடும்பமா இருக்கணும்லா" என்று எங்களிடம் போனில் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தை போதாதா இவருக்கு? போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

"நம்மள இன்னான்னு நெனச்சிக்கினீங்க? எங்கப்பா மிராசுதாருங்க. மிராசுதார் நாகப்பன்னா வல்லம் பக்கம் கேட்டுப் பாருங்க. நான் பொறந்த வூட்ட இன்னிக்கு யூனிவர்சிட்டிகாரன் மியூசியமா வச்சிக்கினு கீறான். டிக்கெட் எடுத்துக்கினுதான் உள்ள போவணும்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மிராசுதார் நாகப்பன்தான் இவருக்கு அப்பா. இவர் அந்த வீட்டில்தான் பிறந்தார். அது இப்போது பல்கலைக்கழக வளாகத்துக்குள் அருங்காட்சியகமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்ட பாதி என்னவென்றால், மிராசுதாரின் மனைவி லோகாம்பாளும் பிள்ளைகளும் ஊருக்குள் பெரிய வீட்டில் இருந்தார்கள். இவர் பிறந்தது தோப்புக்குள் இருந்த சின்ன வீட்டில். தமிழ் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

சின்ன வீட்டில் இருந்தவள் என் மாமியார் மீனம்மாள். மிராசுதார் செத்த பதினாறாம் நாள் பெரிய வீட்டுப் பிள்ளைகள் வந்து, மூட்டை கட்டிக்கொள்ளக்கூட நேரம் தராமல், அவளையும் பையனையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். அவள் படப்பைப் பக்கம் சூளையில் கல் சுமந்தாள். இவரை ஐ.டி.ஐ. வரை படிக்கவைத்தாள். கழுத்தில் மிச்சமிருந்த அட்டிகையை விற்று, யாரும் சீண்டாத மேட்டு நிலத்தில் ஒரு மனை வாங்கினாள். பிறகு கம்பெனிகள் வந்தன, ரோடு வந்தது, எங்களைப் போன்றவர்களுக்கு மாடி வந்தது. நாங்கள் வாடகை வாங்கிச் சாப்பிடுவது அந்த மனையில்தான். என்னோடு அவள் நெடுங்காலம் இருந்தாள். கோபம் வந்தால் என்னைத் திட்டமாட்டாள், பாத்திரத்தைத் திட்டுவாள். கவிப்பிரியா எட்டாவது படிக்கும்போது போய்ச் சேர்ந்தாள். படுக்கையில் விழும்வரை கவிக்குத் தலை வாரிவிட்டது அவள்தான், நான் இல்லை.

பெரிய வீட்டுப் பிள்ளைகள் எல்லாவற்றையும் விற்றுவிட்டு எப்போதோ சென்னைக்குப் போய்விட்டார்கள். பெரிய வீட்டை இடித்து இப்போது அங்கே குடோன் நிற்கிறது. தோப்பும் சின்ன வீடும் பல்கலைக்கழகத்துக்குப் போயின. வந்தவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள், வெளிமாநிலத்துக்காரர்கள். பழைய வீட்டை இடிக்காமல் புதுப்பித்து வைக்கலாம் என்று நல்ல புத்தி அவர்களுக்கு. அதோடு விட்டிருக்கலாம். உள்ளூர் மக்கள் இதை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று ஊருக்குள் வந்து கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் ஆட்கள் சும்மா இருப்பார்களா? டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு "சின்ன வூடு சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மரபுப் பெயரைக் காப்பாற்றுகிறோம் என்று அவர்களும் கருங்கல்லில் செதுக்கி வைத்துவிட்டார்கள். 'சின்ன வீடு. பாரம்பரிய இல்ல அருங்காட்சியகம்.' கல்லூரிப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதற்கென்றே வருகிறார்கள்.

இவ்வளவும் தெரிந்தும், "உங்க வீட்டப் பாத்துட்டே போயிருவோமே சம்பந்தி" என்று ஆறுமுகநயினார் சொன்னபோது இவர் "அதுக்கென்ன, வாங்க" என்று சொல்லிவிட்டார். நான் ராத்திரி முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். கோயிலுக்குக் கூட்டிப்போகலாம், குன்றத்தூர் மலை பக்கத்தில்தானே இருக்கிறது என்றேன்.

"நான் பொறந்த வூட்டுக்கு நான் போறதுக்கு இன்னாடி பயம்?" என்றார். பயம் இல்லாதவர் இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது உள்ளே போயிருக்கவேண்டாமா? அந்த கேட்டைத் தாண்டும்போதெல்லாம் வண்டியை வேகமாக விடுகிற மனிதர் அவர்.

சனிக்கிழமை காலை ஆறுமுகநயினாரும் அவர் மனைவி செல்வலட்சுமியும் வந்து இறங்கினார்கள். ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி கொண்டுவந்தார்கள். அந்த அம்மாள் வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "மைனி, எம்மவன் ஒடம்பு தேறுனது உங்க சோத்துலதான்" என்றாள். எனக்கு உடனே பிடித்துவிட்டது. மனசுக்குள் நானே சொல்லிக்கொண்டேன், செங்கமலம், இந்த இடத்தில் உன் பெண் போய்ச் சேர்ந்தால் கஷ்டப்படமாட்டாள் என்று. அந்த ஆசைதான் அன்றைக்கு என் வாயையும் கட்டிப்போட்டது.

பேச்சிராஜும் கவியும் சேர, இரண்டு ஆட்டோவில் போனோம். கேட்டில் காவலுக்கு நின்றது பரசுராமன், எங்கள் ஊர்க்காரன். அவனுக்குக் கதை முழுக்கத் தெரியும்.

"இன்னா தசரதா, பொறந்த வூட்டுக்கே டிக்கெட் எடுத்துக்கினு வந்துக்கிற?" என்றான் பரசுராமன்.

"பாத்தீங்களா?" என்று இவர் சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தார். ஆறுமுகநயினாருக்கு ஒரே சந்தோஷம். பரசுராமன் என்னைப் பார்த்து மீசைக்குள் சிரித்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அடுத்தது கல்வெட்டு. நான்கைந்து பிள்ளைகள் அங்கே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் இடுப்பில் கைவைத்துக் கண்ணைச் சிமிட்டினாள், இன்னொருத்தி படம் எடுத்தாள். செல்வலட்சுமி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, என்ன இது என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்தேன். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

இவர் முந்திக்கொண்டார். "ஊருக்குள்ள பெரிய வூடு ஒண்ணு இருந்திச்சிங்க. இது தோப்புக்குள்ள சின்னதா கட்னது. அதான் அந்தப் பேரு. இந்தக் காலத்துப் பசங்களுக்கு இன்னா தெரியும், எல்லாத்துக்கும் சிரிப்பு."

"எங்க பக்கமும் உண்டும்" என்றார் ஆறுமுகநயினார். "பெரிய வீட்டுக்காரவுக, சின்ன வீட்டுக்காரவுகன்னு. அண்ணன் வகையறா, தம்பி வகையறா."

"அதேதாங்க, அதேதான்" என்று இவர் தலையை ஆட்டினார். பாதியைச் சொல்லி மீதியை விடுகிற வித்தை அந்த இடத்தில் முழுப் பொய்யாகத் திரும்பியது. வெயில் இன்னும் ஏறவில்லை, ஆனாலும் அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

உள்ளே ஒரு மாணவி எங்களைச் சுற்றிக் காட்டினாள். இடுப்பில் சின்ன ஸ்பீக்கர், கையில் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். "மிராசுதார் நாகப்பன் அவர்கள் ஓய்வெடுப்பதற்காகவும் இசை கேட்பதற்காகவும் இந்த இல்லத்தைப் பயன்படுத்தினார்." ஓய்வு! என் மாமியார் உயிரோடு இருந்திருந்தால் இதற்கு எந்தப் பாத்திரத்தைத் திட்டியிருப்பாளோ.

கூடத்தில் பெரிய படம் மாட்டியிருந்தது. நாகப்பனும் லோகாம்பாளும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் இந்த வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் படத்தில் ராணிமாதிரி இருந்தாள்.

"இவுகதான் அம்மாவா?" என்றாள் செல்வலட்சுமி.

இவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கைகூப்பினார். அது போதுமானதாக இருந்தது. செல்வலட்சுமியும் கைகூப்பினாள். பேச்சிராஜும் கைகூப்பினான். அதற்குள் அவன் போன் அடித்தது. செகண்ட் ஷிஃப்டுக்கு ஆள் போதாது, ஓ.டி. யாருக்குப் போடுவது என்று லைனிலிருந்து கேட்டார்கள். அவன் பேசிக்கொண்டே வெளியே போய்விட்டான்.

நாங்கள் பின்கட்டுக்குப் போனோம். சமையலறைக்குப் போகும் வழியில், சுவரில், கைக்குட்டை அளவுக்கு ஒரு படம்.

நான்தான் முதலில் பார்த்தேன். பார்த்ததும் கவிப்பிரியாவுக்கு எப்போது இந்தப் படம் எடுத்தார்கள் என்றுதான் தோன்றியது. அதே நெற்றி, அதே அகன்ற வாய், இடதுபக்கம் கொஞ்சம் சாய்ந்த தலை. பட்டுப்புடவை, ஜிமிக்கி, கழுத்தை ஒட்டி அட்டிகை. அவள் இடுப்பில், அரைஞாண் மட்டும் போட்ட ஆண்குழந்தை. எங்கள் வீட்டுச் சாமி அறையில் இருப்பது வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. அதில் கண்ணும் மூக்கும் கரைந்து போயிருக்கும். என் மாமியார் இவ்வளவு அழகாக இருந்தாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் எழுதியிருந்தது: 'இல்லப் பணிப்பெண் மீனம்மாள், தன் மகனுடன்.'

படங்களைக் கொடுத்தது பெரிய வீட்டுப் பிள்ளைகள். யார் யார் என்று சொன்னதும் அவர்களாகத்தான் இருக்கும். அவர்கள்மேல் எனக்கு வந்த கோபத்தில் நான் அந்தச் சட்டத்தைச் சுவரிலிருந்து பிய்த்திருப்பேன். கவிப்பிரியா என் பக்கத்தில் வந்து நின்றாள். வாசித்தாள்.  வீட்டில் நாங்கள் யாரும் அவளிடம் சின்ன வீட்டுக் கதையைச் சொன்னதில்லை. ஊர் சொல்லியிருக்கும். ஆனால் தலை வாரிவிட்ட ஆயாவை இப்படி எழுதிவைத்திருப்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அப்போதுதான் செல்வலட்சுமி கேட்டாள். "இது யாரு அண்ணாச்சி? கைப்பிள்ளையோட நிக்காவளே?"

இவர் படத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.  அம்மா என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். அவருடைய அம்மா, அவரே இடுப்பில் உட்கார்ந்திருக்கிறார், சொல்லாமல் எப்படி இருக்கமுடியும்?

"வூட்டுல வேல செஞ்சவங்க" என்றார்.

"வேலக்காரியா? நல்ல முகலெச்சணமா இருக்காவ."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தமாட்டார், அவர் வாய் நீளம். "எங்கப்பாவுக்கு எளகின மனசுங்க. வேலக்காரங்களையும் போட்டோ புடிச்சி வச்சிருந்தாரு. அது பாட்டுக்குத் துன்னுட்டு வூட்டோட கெடந்துது."

கெடந்துது. பெற்றவளை. அவள் சுமந்த செங்கல்லில் படித்துவிட்டு, அவள் அட்டிகையில் வாங்கிய மனையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு. எனக்குக் காது இரண்டும் பற்றி எரிந்தது. வெட்கம் என்றால் முகம் சிவப்பது என்று நினைத்திருந்தேன், அது வயிற்றில்தான் முதலில் வருகிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். செல்வலட்சுமியின் கை என் கைக்குள் இருந்தது. அந்தக் கையை விடவேண்டி வருமோ என்று நினைத்தேன். சொல்லவில்லை.

கவிப்பிரியாவும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, வெளியே பேச்சிராஜ் போனில் பேசும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவன் வேண்டும். எனக்கு அவளைப் புரிந்தது, அதனால் அவள்மேல் எனக்குக் கோபமும் வரவில்லை. எங்கள் மூன்று பேரையும் என் மாமியார் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்வலட்சுமி மட்டும் அந்தப் படத்தின் முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு கவிப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் எங்களோடு வந்தாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். இரண்டு கூட்டு, பொரியல், வடை, பாயசம் எல்லாம் விடியற்காலையிலேயே செய்து வைத்திருந்தேன். ஆறுமுகநயினார் நன்றாகச் சாப்பிட்டார். இவருக்கும் கலகலப்பு திரும்பிவிட்டது, ஆபத்து தாண்டிவிட்டது என்று நினைத்துவிட்டார். கிராமபோன் பெட்டியைப் பற்றிப் பேசினார், தேக்குத் தூணைப் பற்றிப் பேசினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கவி பரிமாறுகிறேன் என்று சாப்பிடாமலே தப்பித்துக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்துத் தாம்பூலத் தட்டு வைத்தேன். ஆறுமுகநயினார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார்.

"சம்பந்தி, எங்களுக்குத் திருப்தி. பத்திரிகைய எங்க ஊர்லயே அடிச்சிருதோம், நமக்குத் தெரிஞ்ச அச்சாபீசு. பொண்ணோட தாத்தா, பாட்டி பேரு சொல்லுங்க, இப்பமே அனுப்பிருவோம். எங்க பக்கம் அதத்தான் மொதல்ல வாசிப்பாவ. இன்னார் பேத்தின்னு வரணும்லா?"

இவர் ஒரு வெற்றிலையை எடுத்தார், காம்பைக் கிள்ளினார், மறுபடி தட்டிலேயே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"மிராசுதார் நாகப்பன்" என்றார். "பாட்டி பேரு... லோகாம்பாள்."

ஆறுமுகநயினார் ஒரே விரலால் தட்ட ஆரம்பித்தார். தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. சமையலறை வாசலில் கவி நின்றாள். ஒரு தடவை பொய் சொல்லி விட்டிருந்தால் காற்றோடு போயிருக்கும். இது அச்சில் ஏறப்போகிறது. ஊர் ஊராகப் போகப்போகிறது. என் மாமியாருக்கு இருந்த ஒரே ஒரு பேத்தியையும் பிடுங்கி அந்த லோகாம்பாள் மடியில் வைக்கப்போகிறார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

பேச்சிராஜ்தான் திறந்தான். பாவம், அவனுக்கு ஒன்றுமே தெரியாது. மாமனார் ஏதோ தடுமாறிவிட்டார், எடுத்துக்கொடுப்போம் என்று நினைத்திருப்பான்.

"மாமா, பாட்டி பேரு மீனம்மாள்லா?" என்றான் சிரித்துக்கொண்டே. "கவி சொல்லிருக்காளே. அவ போன் பாஸ்வேர்டே அந்தப் பேருதான். ஏ கவி, அதான?"

 கவி கண்ணில் தண்ணீர் நின்றது. அவன் சிரிப்பு பாதியில் நின்றது. 

"ஆமாங்க, ஊர்ல அந்தப் பேரு ஜாஸ்தி..." என்று இவர் ஏதோ ஆரம்பித்தார். அது எங்கே போய் முடியும் என்று அவருக்கே தெரியவில்லை.

செல்வலட்சுமி வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, சத்தமே உயராமல் கேட்டாள். "அண்ணாச்சி, அந்தப் போட்டோவுல இடுப்புல இருந்த பிள்ள யாரு?"

இவர் அந்த அம்மாளைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தார்.

"நான்தாம்மா" என்றார்.

ஆறுமுகநயினாரின் விரல் போன்மேல் அப்படியே நின்றது.

பிறகு இவர் நிற்காமல் பேசினார். சின்ன வூட்டுப் புள்ள நானு, அதான் நெஜம், ஸ்கூல்லயே அந்தப் பேர் வச்சுத்தான் கூப்டுவானுங்க, ஒரு சண்டைன்னா அதத்தான் மொதல்ல சொல்லுவானுங்க, எங்கம்மா கோயிலுக்குப் போனாக்கூட ஓரமா நிக்கும், அப்பா செத்ததும் வூட்ட வுட்டுத் தொரத்திட்டானுங்க, கல்லு சொமந்து என்னிய ஆளாக்கிச்சு, கவியையும் அதான் வளத்திச்சு, குடும்பம் நல்லா இருக்கணும்னு சொன்னீங்க, தெரிஞ்சா என் பொண்ண வேணாம்னு பூடுவீங்களோன்னு... குரல் உடைந்துவிட்டது. அறுபதை நெருங்கும் மனிதர், மூக்கைச் சட்டைக் கையால் துடைத்தார். எனக்கு அவர்மேல் ஆத்திரமும் இரக்கமும் ஒன்றாக வந்தன. எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

செல்வலட்சுமி முழுவதையும் கேட்டாள்.

"எங்க ஊர்ல மட்டும் சின்ன வீடு இல்லையா அண்ணாச்சி?" என்றாள். "எங்க பெரியப்பாவுக்கே இருந்துச்சு. அந்த வீட்டுப் பிள்ளையளும் எங்களோடதான் பள்ளிக்கூடத்துக்கு வந்துதுவ. அதுக்கா நாங்க எந்திரிச்சுப் போவோம்? பெத்தவள வேலக்காரின்னியளே, அதத்தான் எனக்குத் தாங்க முடியல. அதோடயும் விட்டியளா? துன்னுட்டுக் கெடந்துதுன்னிய. அப்பமே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, வேலக்காரின்னாக்கூட அப்பிடிச் சொல்லலாமான்னு. இப்ப பெத்த தாயின்னுல்லா தெரியுது."

 

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினாள். காலையில் என் கையைப் பிடித்த அதே கை இப்போது அவள் மடியில் இருந்தது.

"நீங்களும் பக்கத்துலதான நின்னிய மைனி" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. என் வீட்டில், என் கூடத்தில், நான் வைத்த தட்டுக்கு முன்னால் எனக்கு உட்கார இடம் இல்லாதமாதிரி இருந்தது. எத்தனையோ நாள் என் மாமியாருக்கு மலம் எடுத்திருக்கிறேன், அதை எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். அந்தப் பெருமையெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. கவி வாசலிலேயே உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளிடம் செல்வலட்சுமி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததே அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஆறுமுகநயினார் மனைவியின் முகத்தைப் பார்த்தார். எழுந்திருக்கலாமா என்று கேட்கிற பார்வை. பேச்சிராஜ் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எதுக்கு எந்திரிக்கணும்?" என்றாள் செல்வலட்சுமி. "போன எடுங்க. மொதல்ல எழுதினத அழிங்க. வீட்டவிட்டுத் தொரத்துன வகையறா பேரு நம்ம பத்திரிகைல எதுக்கு? அந்த அம்மா பேரு மட்டும் போடுங்க. தெய்வத்திரு மீனம்மாள் பேத்தின்னு."

"அப்பம் சம்பந்தம்..." என்று இழுத்தார் ஆறுமுகநயினார்.

"சம்பந்தம் வைக்கத்தான செய்யுதோம். அந்த அம்மாவ நம்பி வைக்கோம். ஒத்தையாளா நின்னு ஒரு பிள்ளைய ஆளாக்கியிருக்காவ, இந்தப் பொண்ணையும் வளத்திருக்காவ. அது போதும் எனக்கு." பிறகு எங்களைப் பார்க்காமல் சொன்னாள். "இவுக யாரையும் நம்பி இல்ல."

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. இதற்காகத்தானே என் வீட்டுக்காரர் அவ்வளவும் செய்தார்? சந்தோஷப்பட்டு ஒரு வார்த்தை சொல்லவேண்டிய நேரம். அவர் நெற்றியில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நான் தட்டிலிருந்த பாக்கை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன்.

ஆறுமுகநயினார் அழிக்கவேண்டியதை அழித்துவிட்டுக் கண்ணாடிக்குமேல் எங்களைப் பார்த்தார்.

"மீனம்மாளா, மீனாம்பாளா? சரியாச் சொல்லிருங்க. அச்சுல தப்பா வந்துரக்கூடாது."

இவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. நான் கவியைப் பார்த்தேன், கவி முகத்தை எடுக்கவில்லை. என் மாமியாரால் பிழைத்தவர்கள் மூன்று பேர் அந்தக் கூடத்தில் இருந்தோம், ஒருத்தருக்கும் அந்தப் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

பேச்சிராஜ்தான் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தான்.